ஒளிநாடாவும் இறுவட்டும்

எண்பதுகளிலே கல்யாணமோ சாமத்தியச் சடங்கோ நிகழ்ந்த யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில், அலுமாரியின் மேல்தட்டிலே, காணி உறுதிகளும் பழைய அல்பங்களும் இருக்கும் இடத்துக்கு அண்மையில், கறுப்புப் பிளாஸ்ரிக் கூடுகள் சில துணியிற் சுற்றப்பட்டுக் கிடப்பதை இன்றும் காணலாம். மாப்பிள்ளை அழைப்பும் தாலிகட்டும் பந்தியும் அவற்றினுள்ளே அடங்கியிருக்கின்றன. 1990 ஆம் ஆண்டிலே குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோக, சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள், ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு நடுவே இந்த நாடாக்களையும் டெக்கிலே போட்டுப் பார்த்தார்கள். 1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்விலே, கைக்கு அகப்பட்ட சொற்பப் பொருள்களோடு இவற்றையும் பையிற் திணித்துக்கொண்டு நடந்தவர்களும் உண்டு.

போரையும் பயணத்தையும் தாங்கிய அந்த நாடாக்களைப் போட்டுப் பார்க்க இன்று டெக் இல்லை. 1976 இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் அறிமுகஞ்செய்த வி.எச்.எஸ். முறைக்குரிய கருவிகளைக் கடைசிவரை செய்துவந்ததாக அறியப்பட்ட ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆதலின், மலிவான டி.வி.டி. பதிவுக்கருவி ஒன்றைத் தேடி வாங்கி, உள்ளவற்றை இறுவட்டுக்கு மாற்றிவிடலாமா, வாங்குவதாயின் எத்தகையதை வாங்குவது என்ற கேள்வி பல குடும்பங்களிலே எழுகின்றது. கடைத்தெருக் கேள்வி போலத் தோன்றினும், இதற்கு விடை பௌதிகத்திலும் இரசாயனத்திலுமே தங்கியிருக்கிறது.

நாடாவின் இயல்பு

வி.எச்.எஸ். நாடா 12.7 மில்லிமீற்றர் அகலமுடைய பொலியெஸ்ரர் பட்டி. அதன் ஒரு முகத்திலே இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள் ஒருவகைப் பசையினால் ஒட்டப்பட்டிருக்கின்றன. மூன்று மணிநேர நாடாவொன்றை முழுவதும் விரித்தால் ஏறத்தாழ 250 மீற்றர் நீளும். நாடா நகரும் வேகமோ செக்கனுக்கு 2.34 சென்ரிமீற்றர் மாத்திரமே. இந்த ஆமை நடையிலே அசையும் படத்தின் செறிந்த விவரங்களை எழுதுதல் இயலாது. ஆகையினால், நாடா தன் பாட்டில் ஊர்ந்துகொண்டிருக்க, எழுதும் காந்தமுனைகளைத் தாங்கிய உருளையொன்று அதன்மேல் சாய்வாகச் செக்கனுக்கு 25 தடவை சுழலுமாறு அமைத்தார்கள். 62 மில்லிமீற்றர் விட்டமுள்ள அவ்வுருளையின் சுழற்சியால், எழுதும் வேகம் செக்கனுக்கு ஐந்து மீற்றரை அணுகுகின்றது. ஒவ்வொரு சாய்வரியும் ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அகலமே உடையது. முனை அந்த வரியிலிருந்து மயிரிழை விலகினாலும் திரையிலே வெள்ளைக் கோடுகள் ஓடும். அதைச் சரிசெய்யவே டெக்கின் முகத்தில் ஒரு சிறு திருகியை வைத்தார்கள்.

இத்தகைய நுட்பமான எழுத்துக்கு நமது சுவாத்தியம் சத்துரு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, துணிக்கைகளைப் பிடித்திருக்கும் பசையை மெல்ல மெல்ல நீராற்பகுக்கின்றன; பசை இளகி நாடா ஒட்டத் தொடங்குகிறது; சுருளின் ஓரத்திலே வெண்பூஞ்சணம் படர்கிறது. அவ்வாறு பூஞ்சணம் பிடித்த நாடாவைத் துடையாமல் டெக்கிலே செலுத்துதல், நாடாவுக்கும் முனைக்கும் ஒருங்கே கேடு. இதற்குமேலும் ஒரு குறை உண்டு: நாடாவிலிருந்து நாடாவுக்குக் கொப்பி எடுக்குந்தோறும் படம் மங்கும். கல்யாணம் முடிந்ததும் மூலநாடா ஊரிலே தங்க, அதன் கொப்பிகளே லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றன என்பதை நினைவிற்கொண்டால், மாற்றவேண்டிய நாடா எது என்பது தெளிவாகும். எவ்வளவு அழுக்கேறியிருந்தாலும் மூலத்தையே தேடிப் பிடித்தல் வேண்டும்.

ஒளியே எழுத்தாணி

பனையோலையிலே எழுத்தாணியாற் கீறி, கீறலிற் கரியைப் பூசி எழுத்தை விளங்கச் செய்த நம்முடைய முன்னோருக்கு, இறுவட்டின் தத்துவம் விசித்திரமாகத் தோன்றியிராது. எழுதக்கூடிய டி.வி.டி. தட்டின் உள்ளே சேதனச் சாயம் ஒன்று மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. 650 நனோமீற்றர் அலைநீளமுடைய செந்நிற லேசர்க் கதிர் அதன்மேற் குவியும்போது, அந்தப் புள்ளியிலே சாயம் வெந்து நிறம் மாறுகிறது. பின்னர் வலுக்குறைந்த கதிரொன்று அவ்வழியே ஓடி, வெந்த இடத்தையும் வேகாத இடத்தையும் அவை ஒளியைத் தெறிக்கும் வேறுபாட்டினால் வாசிக்கின்றது. சுருளாகச் செல்லும் வரிகளுக்கிடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் முக்காற் பங்கிலும் சற்றுக் குறைவு. அச்சுருளை நேராக்கினால் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளும். யாழ்ப்பாணப் பட்டணத்திலே தொடங்கினால் சுன்னாகச் சந்தையையும் தாண்டிவிடலாம்.

அழித்தெழுதும் தட்டுக்களிற் சாயத்துக்குப் பதிலாக உலோகக் கலவையொன்று இருக்கின்றது. கதிர் அதனை உருக்கிச் சடுதியிற் குளிரவிட்டால் ஒழுங்கற்ற நிலையையும், மிதமாகச் சூடாக்கினாற் பளிங்கு நிலையையும் அஃது அடையும். ஏறத்தாழ ஆயிரம் முறை அழித்து எழுதலாம் என்பர். பரீட்சார்த்தமாகப் பதிந்து பார்ப்பதற்கு இவ்வகை நன்று. பேரப்பிள்ளைகளுக்கு வைத்துச்செல்லும் பிரதிக்கு, ஒருமுறை மாத்திரம் எழுதும் தட்டே தக்கது, ஏனெனில் அதனைத் தவறுதலாக அழிக்க இயலாது.

சாதாரணத் தட்டொன்றின் கொள்ளளவு 470 கோடி பைற்றுக்கள். பெரிய தொகைதான், ஆயினும் தொலைக்காட்சிப் படத்தைச் சுருக்காமல் அப்படியே எழுதினால் நான்கு நிமிடம்கூட நிரம்பாமல் இடம் முடிந்துபோம். ஆகவே, பதிவுக்கருவி ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாக எழுதாமல், முன்னைய சட்டகத்திலிருந்து மாறியவற்றை மாத்திரம் குறித்துக்கொள்ளும் தந்திரத்தைக் கையாளுகிறது. மணவறையும் வாழைமரமும் அசையாது நிற்க, ஐயரின் கை மாத்திரம் அசைந்தால், கையை எழுதினாற் போதுமல்லவா? இங்கேதான் பழைய நாடா பொல்லாங்கு செய்கின்றது. அதிலே இடையறாது துடிக்கும் மணல் போன்ற புள்ளிகளையும் கருவி அசைவென்றே எண்ணி, அவற்றை எழுதுவதிலே இடத்தைச் செலவிடுகிறது. மணப்பெண்ணின் முகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சமே. ஒரு தட்டிலே ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி எனப் பதியும் வசதியைக் கருவிகள் தருகின்றன. நல்ல நாடாவுக்கு இரண்டு மணி முறை போதும். பழுதுற்ற நாடாவுக்கு ஒரு மணி முறையே உசிதம். தட்டை மிச்சப்படுத்தும் பொருட்டு ஆறு மணியிற் பதிவது, சோற்றுக்கு அரிசியை அளந்துவிட்டுத் தண்ணீரிற் கணக்குப் பார்ப்பது போன்றதாம்.

எதைத் தேருவது

வீட்டுப் பாவனைக்குரிய டி.வி.டி. பதிவுக்கருவியைப் பயனியர் நிறுவனம் 1999 இன் இறுதியிலே ஜப்பானில் வெளியிட்டது. யுத்தநிறுத்தத்தின் பின் 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்து, தென்னிலங்கைப் பண்டங்கள் தடையின்றி வந்துசேரத் தொடங்கிய காலத்திலேதான் இறுவட்டு நமது கடைகளிலும் பெருகியது. இன்றோ புதிய கருவி அருமை. கைமாறிய கருவியே நமக்குக் கதி. அதனைத் தருவோர் பெரும்பாலும் வெளிநாட்டு உறவினரே.

எனவே முதற் கேள்வி, எந்த நாட்டிலிருந்து என்பது. இலங்கைத் தொலைக்காட்சியும், இங்கே பிடிக்கப்பட்ட நாடாக்களும் 'பால்' முறையைச் சேர்ந்தவை: படமொன்றுக்கு 625 வரிகள், செக்கனுக்கு 25 படங்கள். கனடாவிலோ 525 வரிகளும் செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்களும் கொண்ட 'என்.ரி.எஸ்.சி.' முறை, மின்னழுத்தமும் நமது 230 வோல்ற்றன்று, 120 வோல்ற்று. ஆதலின், ரொறன்ரோவிலிருந்து மாமா அன்போடு கட்டி அனுப்பும் கருவி, இங்கே செருகியவுடன் எரிந்துபோதல் கூடும்; எரியாது தப்பினாலும் நமது நாடாவின் படத்தை ஏற்க மறுத்தல் கூடும். லண்டன், ஜேர்மனி, நோர்வே, சுவிற்சர்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வருபவை நமக்கு இசைவானவை. ஆனால் ஐரோப்பியக் கருவிகள் சிலவற்றின் முதுகிலே மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளுக்குப் பதிலாக இருபத்தொரு ஊசிகள் கொள்ளும் அகன்ற செருகிடம் இருக்கும். அதற்கான மாற்றுச்செருகி வாங்குகையில், படம் உள்ளே செல்லும் திசைக்கும் உரியதா என்று கேட்டு வாங்கவேண்டும். வெளியே செல்லும் திசைக்கு மாத்திரம் ஆனது ஒரு பிரயோசனமும் தராது.

இரண்டாவது, டெக்கும் பதிவுக்கருவியும் ஒரே பெட்டிக்குள் அமைந்த கூட்டுக்கருவி நல்லதா என்பது. இணைப்புக் கம்பிகள் அறியாத முதியவர்களுக்கு அது சௌகரியமானது. எனினும் ஒன்று பழுதானால் மற்றையதும் முடங்கும். டெக்கின் காந்தமுனை தேய்ந்திருந்தால், எத்துணை விலையுயர்ந்த பதிவுக்கருவியும் தேய்ந்த படத்தையே பதியும். என் அபிப்பிராயத்தில், கையிலுள்ள பணத்திற் பெரும்பங்கை நல்ல டெக்குக்கும், எஞ்சியதைச் சாதாரணப் பதிவுக்கருவிக்கும் செலவிடுதலே விவேகம். கருவியினுள்ளே உள்ள அலைவாங்கியின் பெருமையைப் பற்றி விற்பவர் எவ்வளவு சொன்னாலும் செவிகொடுக்க வேண்டுவதில்லை. நாடாவிலிருந்து பதியும் நமக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. உள்ளே வன்தட்டு இருக்குமானால் அது மெய்யான இலாபம். முதலில் அதிலே பதிந்து, வேண்டாத பகுதியை நீக்கி, பின்னர் தட்டில் எழுதலாம்.

மூன்றாவது, கழித்தற்குறியும் கூட்டற்குறியும். இரண்டு உற்பத்தியாளர் அணிகள் உடன்படாத காரணத்தால் எழுதும் தட்டுக்கள், பெயரிலே கழித்தற்குறி உடையவை, கூட்டற்குறி உடையவை என இரு சாதியாகப் பிரிந்தன. கருவி எதை ஏற்குமென்று கேட்டறிந்து வாங்குதல் அவசியம். இரண்டையும் ஏற்கும் கருவி கிடைத்தால் அதுவே உத்தமம்.

சில சமயம் கருவி, கல்யாண நாடாவையே கொப்பி எடுக்கத் தடைசெய்யப்பட்ட திரைப்படம் என்று எண்ணிப் பதிய மறுக்கும். நாடாவின் சமிக்ஞை சிதைந்திருக்கையில், அச்சிதைவைத் தடைக்குறியாகக் கருவி மயங்குவதே காரணம். முனையைத் துப்புரவாக்கி, வேறு டெக்கிலே போட்டால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

நான் பட்ட அனுபவம் ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். பதிந்த தட்டை ஏனைய கருவிகளும் வாசிக்குமாறு இறுதியிலே முடித்துவைக்கும் கிரியை ஒன்று உண்டு. அதைச் செய்யாமலே ஒரு தட்டை அனுப்பிவிட்டு, அங்கே ஒன்றும் தெரியவில்லை என்ற செய்திக்குப் பின்னரே பிழையை உணர்ந்தேன். மறுமுறை அக்கிரியை நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் போய்விட்டது, தட்டும் போயிற்று. கருவிக்கு முன் சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வைத்தபின்னரே நிம்மதி கிடைத்தது.

பிரதியின் தர்மம்

சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றியபோது செய்த காரியமும், அழியும் பொருளிலிருந்து அழியாத பொருளுக்கு எழுத்தை மாற்றுதலே. ஆனால் அழியாத பொருள் என்று உலகில் ஒன்று இல்லை. 1981 ஜூன் முதலாந் தேதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொதுநூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் மாத்திரம் உள்ள பிரதி, பிரதியே ஆகாது என்ற பாடத்தை நாம் அவ்வளவு விலைகொடுத்துக் கற்றோம். 2005 முதல் நம்முடைய நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிலே சேமித்துவரும் நூலகம் திட்டமும் அப்பாடத்தின் பயனே.

இறுவட்டின் சாயமும் வெயிலிலும் வெப்பத்திலும் வெளிறும். தட்டு மலிவாகக் கிடைக்கிறதென்று பெயரறியாத சரக்கை வாங்கினால், சில வருடங்களிலேயே வாசிக்கமுடியாமற் போதல் கூடும். ஆகவே கருவியிற் சிக்கனஞ் செய்தவர் தட்டிற் சிக்கனஞ் செய்யலாகாது. நாடாவுக்கு இல்லாத சிறப்பொன்று எண்ணிமப் பதிவுக்கு உண்டு: அதிலிருந்து நூறாவது பிரதி எடுத்தாலும் முதற் பிரதியினின்றும் ஓர் அணுவும் குறையாது. ஒன்று இங்கே, ஒன்று கடல்கடந்த உறவினர் வீட்டில், மற்றொன்று கணினியின் வன்தட்டில் என மூன்றாக வைத்தல் இயலாத காரியமன்று.

ஈற்றிலே ஒன்று. மூன்று மணிநேர நாடாவைப் பதிய மூன்று மணிநேரம் முழுவதும் ஆகும். அதனை விரைவுபடுத்த வழியில்லை. இதனைக் குறையென்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அண்மையில் ஒரு பிற்பகல், பதிவு ஓடிக்கொண்டிருக்க, அம்மம்மாவும் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு திரைக்கு முன்னே அமர்ந்தார். பந்தியிலே பரிமாறுகின்றவர் யார், மணவறைக்குப் பின்னே நின்று சிரிக்கும் பிள்ளை எவரின் மகள், இப்போது எந்த நாட்டில் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் ஒரு கொப்பியை எடுத்து நேரத்தோடு குறித்துக்கொண்டேன். சரியாக நாற்பதாவது நிமிடத்திலே வந்த ஒரு முகத்தைக் கண்டு, அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்ன பெயரையும் எழுதிக்கொண்டேன்.