நெற்களஞ்சியமும் நச்சுப் பூஞ்சணமும்

உழவனின் பாடு அறுவடையோடு முடிவதன்று. களத்திலிருந்து வீடு சேர்ந்த நெல் உலையேறும் நாள்வரை காக்கப்படல் வேண்டும். கண்டியைச் சூழ்ந்த ஊர்களின் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். சிங்களத்தில் ‘பிஸ்ஸ’ எனப்படும் பழைய நெற்குதிர், வரிச்சு கட்டி மண் பூசி, நிலத்தின் ஈரம் ஏறாவண்ணம் கால்களின்மேல் உயர்த்தி அமைக்கப்பட்டது. மழை மிக்க மலைநாட்டிற்கு அவ்வமைப்பு ஏற்றதே.

களஞ்சியத்தின் பகை இரண்டு: பூச்சியும் பூஞ்சணமும். இவை தனித்தனியே வருவன என எண்ணுதல் பிழை; முன்னது பின்னதற்கு வழி திறக்கின்றது. அரிசி வண்டின் பெண் தன் நீண்ட மூக்கினால் மணியைத் துளைத்து முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். உள்ளே பிறக்கும் புழு மணியைத் தின்று வளர்ந்து வண்டாக வெளிப்படும். அந்துப்பூச்சியின் புழுவோ உமியோடு கூடிய நெல்லினுள்ளும் புகவல்லது. இவ்வாறு சிதைந்த மணியிற் பூஞ்சணம் எளிதில் வேரூன்றும். அதன் நுண்வித்திகள் வண்டின் உடலில் ஒட்டியும் கழிவிற் கலந்தும் குவியலெங்கும் பரவுகின்றன.

இதனினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. திரளான பூச்சிகள் மூச்சுவிடுதலால் வெப்பமும் நீராவியும் தோன்றும். அவ்வெப்பக்காற்று மேலெழுந்து, குளிர்ந்த மேற்பரப்பைச் சேர்ந்ததும் நீராகப் படியும். நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படாத ஈரத்தோடு சேமித்த நெல்லும் இங்ஙனம் நனைந்து பூஞ்சணத்திற்கு இரையாகும்.

பூஞ்சணத்தால் விளைவது நாற்றமும் நிறக்கேடும் மட்டுமல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் அசுபெர்ஜிலசு பிளேவசு என்னும் பூஞ்சணம் விளைத்த நஞ்சே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. அதுவே அஃபிளாடொக்சின். 1974இல் இராசத்தான், குசராத்து மாநிலங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்டோருள் நூற்றுவர்க்கு மேல் ஈரல் நோயால் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுங்காலம் உட்சென்றாலும் இந்நஞ்சு ஈரலிற் புற்றுநோயை உண்டாக்கவல்லது. சமைப்பதால் இது முற்றும் அழிவதில்லை.

ஆகவே வருமுன் காத்தலே வழி. நெல்லை நன்கு உலர்த்தி, சூடாறிய பின்னரே சேமித்தல் வேண்டும். பழைய நெல்லொடு புதிய நெல்லைக் கலத்தலாகாது. சாக்குகளைச் சுவரினின்று விலக்கிப் பலகைமேல் அடுக்குதல் நன்று. பூஞ்சணம் பூத்த தானியத்தைக் கழுவி உண்பது தகாது. வீணாகின்றதே எனக் கோழிக்கு இடுவதும் தகாது. வான்கோழிகள் மாண்டு உணர்த்திய பாடம் அதுவன்றோ!