சிறகு விழுந்த கணம்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில் ரவிவர்மா படம் ஒன்றாவது தொங்காத வீடு ஒரு காலத்தில் அபூர்வம். லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் எல்லோரும் அறிவர். நாம் சொல்ல வந்தது ஜடாயு படத்தைப் பற்றி.

ஆகாயத்தில் இராவணன். ஒரு கையில் வாள். மறு கையின் பிடியில் சீதை. பறவையின் சிறகு வெட்டுண்டு விழுகிறது. சீதை அதைப் பார்க்கவில்லை. முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருக்கிறாள். முன்னும் பின்னும் நடந்ததைப் பார்ப்பவர்தாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இது நம்மூர்ச் சித்திரக்காரர்களின் வழி அன்று. நாயக்கர் காலத்துக் கோயிற் சித்திரங்களில் கதை பட்டை பட்டையாக ஓடும். ஒரே வீரன் பல இடங்களில் வருவான். நாம் நடந்துகொண்டே கதை கேட்கலாம். ஐரோப்பாவில் முறை வேறு. பிரெஞ்சு ஓவியர் தாவீது, டிராய் நகரத்து வீரன் ஹெக்டரின் சடலத்தருகே அவன் மனைவி அந்திரோமகி புலம்புவதை 1783-ல் தீட்டினார். போர் இல்லை, தேர் இல்லை. கண்ணீருடன் ஒரு தாய், அவளை ஒட்டி ஒரு சிறுவன். அவ்வளவில் கிரேக்கக் கதை முழுவதும் அடங்கிவிட்டது.

புராணத்தின் ஒரு கணத்தை இப்படி நிறுத்திக் காட்டுவது அங்கே கலாசாலைப் பாடம். 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா எந்தக் கலாசாலைக்கும் போனவரல்லர். திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்ஸன் என்ற ஐரோப்பியர் தீட்டுவதைப் பார்த்தே தைலவர்ண நுட்பத்தைத் தெரிந்துகொண்டார்.

இவை வெறும் நாடகக் காட்சிகள் என்று ஆனந்த குமாரசுவாமி கண்டித்தார். அதில் உண்மை உண்டு. சரஸ்வதியை வரையச் சொன்னால் நம் மாணவர்கள் இன்றும் ரவிவர்மாவின் சரஸ்வதியைத்தான் வரைகிறார்கள். வேறொரு முகம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இது நஷ்டமே.

ஆயினும் தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கியது 1894-ல். கோபுர வாசலில் நிறுத்தப்பட்டவன் அரை நூற்றாண்டுக்கு முன்பே தெய்வத்தின் திருமுகத்தைத் தன் குடிசைச் சுவரில் மாட்டிக்கொள்ள முடிந்தது. யாரிடமும் அவன் அனுமதி கேட்கவில்லை. குமாரசுவாமியின் கணக்கில் இது சேரவில்லை, நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணில் கண்ணாடி உடைந்த பழைய படம் ஏதேனும் கிடந்தால், பழைய காகிதக்காரரிடம் போடுமுன் தூசியைத் துடைத்து, அடியில் அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.