பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்தீர்களா?

தோட்டப்புற நெஞ்சங்களே, பசியாறிட்டீங்களா? ஒருவரை ஒருவர் கண்டதும் நாம் முதலில் கேட்பது இதைத்தானே! இந்த வாரம் சாப்பாட்டைப் பற்றிய ஒரு சினிமாக் கதை சொல்லப் போகிறோம். 2022-இல் வந்த ஆங்கிலப் படம். பெயர் ‘தி மெனு’. மார்க் மைலாட் இயக்கியது. சிரிப்பும் உண்டு, ரத்தமும் உண்டு. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

ஒரு தீவு. அதில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை. பணக்காரர்கள் கொஞ்சப் பேர் படகேறிப் போகிறார்கள். ஓர் ஆள் சாப்பாட்டுக்கு 1,250 அமெரிக்க டாலர். அப்போது நம் பணத்தில் ஐயாயிரம் வெள்ளிக்கு மேல். அதே 2022 மே மாதம்தான் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். செம்பனைக் குலை அறுத்து மூன்று மாதம் பாடுபட்டிருந்தாலும், அங்கே ஒருவர் ஒரு ராத்திரி சாப்பிடுகிற காசு அப்போது தேறியிருக்காது!

அதையாவது வயிறாரச் சாப்பிட்டார்களா? அதுவும் இல்லை. ரொட்டித் தட்டு வருகிறது, ரொட்டியைக் காணோம். தொட்டுக்கொள்ள மட்டும் ஏதோ சொட்டுச் சொட்டாக இருக்கிறது. ரொட்டி சாமானியன் சாப்பாடு, நீங்கள்தான் சாமானியர் இல்லையே என்று விளக்கம் சொல்கிறார் தலைமைச் சமையல்காரர். ரேஃப் ஃபைன்ஸ் நடித்த வேடம் அது. பல தடவை வந்து தின்ற ஒரு பணக்காரரிடம், இங்கே சாப்பிட்ட பண்டத்தில் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்கிறார். மனுஷர் திருதிருவென்று விழிக்கிறார்.

இதுவரை நமக்குச் சிரிப்புத்தான். அதற்குப் பிறகுதான் நெஞ்சு கனத்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் தூங்குவது வரிசையாகக் கட்டில் போட்ட ஒரே கொட்டகையில். நம் பழைய லயம் கண்முன் வந்தது. தலைவர் கை தட்டினால் எல்லாரும் ஒரே குரலில் ‘சரி ஐயா’ என்கிறார்கள். பெரட்டுக் களம் ஞாபகம் வந்தது. கடைசியில் அந்தத் தலைவர் பணக்காரர்களைப் பழிவாங்க எல்லாரையும் தீயில் சாகடிக்கிறார். தானும் சாகிறார், அந்தத் தொழிலாளிகளும் சாகிறார்கள். பணக்காரர்களைக் கேள்வி கேட்டவர், தன் கீழ் வேலை செய்தவர்களுக்குத் தானே ஒரு துரையாக இருந்ததை அறியவில்லை!

நம் பாட்டன்மார் அப்படிச் செய்யவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம்! கூலி மட்டும் போதாது, மனுஷனாக மதிக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, நம்மவர் ரத்தமும் சிந்தியது.

அந்தப் படத்தில் தப்பிப் பிழைப்பவள் ஒரே ஒருத்தி. கூலிக்குத் துணையாக வந்த பெண். அவள் என்ன தந்திரம் செய்தாள்? ‘எனக்கு இன்னும் பசிக்குது’ என்றாள். 9 டாலர் 95 காசுக்குச் சாதாரண பர்கர் ஒன்று கேட்டாள். இளவயதில் சின்னக் கடையில் பர்கர் சுட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர் அந்தச் சமையல்காரர். அவரை மறுபடி ஒரு மனுஷனாகப் பார்த்தவள் அவள் மட்டுமே. அதனால் பிழைத்தாள்.

சரி, இது யாரோ வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் நம்மவர் குடும்பம். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்து நன்றாக இருக்கிறார்கள். இலை எடுக்க வந்தவர் வங்காளதேசத்து இளைஞர். நம் ஆள் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொடக்குப் போட்டு, ‘டேய், துடைடா!’ என்றார். அந்தப் பிள்ளை பேசாமல் துடைத்தது. நமக்குச் சோறு இறங்கவில்லை.

1964-இல் ‘சர்வர் சுந்தரம்’ வந்தது. சர்வர் வேலை பார்த்த நாகேஷ் பெரிய நடிகராகியும், பெற்ற தாயை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்காமல் நின்றபோது அழாதவர் யார்? திரையில் இருந்த சர்வருக்கு அழுதோம். எதிரே நிற்கிற சர்வருக்குச் சொடக்குப் போடுகிறோம். இது நியாயமா?

கடல் கடந்து வந்து, கடன்பட்டு, கொட்டகையில் படுத்து, ஊருக்குப் பணம் அனுப்புகிற அந்த இளைஞர் யார்? நம் பாட்டன்தான், ஐயா! ஊரும் மொழியும்தான் வேறு.

பணம் இருந்தால் நல்ல கடையில் சாப்பிடுங்கள். நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பரிமாறுகிறவர் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். ‘தம்பி, நீ பசியாறிட்டியா?’ என்று கேளுங்கள். அதற்குக் காசு எதுவும் கேட்க மாட்டார்கள்.