சர்வரோக நிவாரணி அல்ல ஃபார்மட்

மந்தமான கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் அழிப்பதற்கு முன் நோய் எங்கே என்று பார்ப்பது நல்லது. அதற்குச் செலவு ஏதுமில்லை.

தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு - ஊர் எதுவானாலும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்றுதான். "ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்கிறார் பெட்டியைத் தூக்கி வந்தவர். "ஃபார்மட் பண்ணிடலாம்" என்கிறார் கடைக்காரர், மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல்.

ஃபார்மட் என்றால் சி டிரைவில் உள்ள அனைத்தையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் பதிவது. பிரதி எடுத்து வைக்காதவருக்குக் குழந்தையின் படங்கள், கடைக் கணக்கு, பாதி எழுதிய ஆய்வேடு எல்லாம் போயே போய்விடும். இவ்வளவு இழந்த பிறகும் சில வாரங்களில் கம்ப்யூட்டர் பழையபடி ஆமை வேகத்துக்குத் திரும்புவதுண்டு. நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்பதுதான் காரணம்.

நாடி பிடித்துப் பார்க்கும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 1996ல் விண்டோஸ் என்.டி. 4.0 பதிப்புடன் வந்த இது, சி.பி.யூ., மெமரி, டிஸ்க் ஆகியவை எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று காட்டும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் எது 100ஐ ஒட்டியே நிற்கிறதோ, அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

பழைய பெட்டிகளில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டிஸ்க்தான். ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு. அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களைத் தேடி எடுக்க அதன் முனை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வினாடிக்கு நூறு, இருநூறு தடவைக்கு மேல் அதனால் இயலாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்குப் பிரதி எடுத்துப் பொருத்தலாம். எதையும் அழிக்க வேண்டியதில்லை. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் மட்டும் தாமதம் கூடாது. வேகம் பற்றிய கவலையைத் தள்ளி வைத்துவிட்டு, முக்கியமானவற்றை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மெமரி நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது. 4 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டரில் பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைப்பவருக்கு இது அன்றாட அனுபவம். பக்கங்களை மூடுவது இலவச வைத்தியம்; ராமைக் கூட்டுவது காசு வைத்தியம். சி.பி.யூ. திணறுகிறது என்றால் அதை எந்த புரோகிராம் விழுங்குகிறது என்பதும் அதே பட்டியலில் தெரியும். தூசி அடைத்து விசிறி சரியாகச் சுற்றாவிட்டாலும் மந்தம் வரும். சூட்டில் கருகாமல் இருக்க சி.பி.யூ. தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் பல கம்ப்யூட்டர்கள் முழுசாக அணைவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக விண்டோஸின் அடிப்படைப் பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைக்கின்றன. பழைய சிக்கலும் கூடவே தங்கிவிடுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே கூட்டமாக வந்து உட்காரும் புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்தி வைக்கலாம்.

மந்தமான கம்ப்யூட்டர், ஏமாற்றுபவர்களுக்கு நல்ல வேட்டை. ஒரே சொடுக்கில் வேகம் தருவதாகச் சொல்லும் 'ரிஜிஸ்ட்ரி கிளீனர்' வகைகளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. 'வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்' என்று திரையில் மிரட்டல் வந்தால் அதைத் தொடாமல் மூடுவதே புத்திசாலித்தனம். மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களும் சேர, 2023 அக்டோபரில் சி.பி.ஐ. நாடெங்கும் 76 இடங்களில் சைபர் மோசடி தொடர்பாகச் சோதனை நடத்தியது.

இத்தனை செய்தாலும் தீராத ஒரு பிரச்சினை இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 வசதி பல பழைய பெட்டிகளில் இல்லை. அவற்றை எஸ்.எஸ்.டி. வேகமாக்கும், பாதுகாப்பாக்காது. மாற்ற வேண்டுமா என்ற கேள்வி அங்கே நியாயமானது.

ஃபார்மட்டுக்கும் இடம் உண்டு. வைரஸ் ஊறிப்போனால், சிஸ்டம் ஃபைல்கள் சிதைந்தால், அதுதான் வழி. ஆனால் அது கடைசி வைத்தியம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர் இரண்டு விஷயங்களைக் கையில் வைத்திருந்தால் போதும்: எது 100 சதவீதத்தில் நிற்கிறது என்ற விவரம், முக்கியமான ஃபைல்களின் ஒரு பிரதி. அதன் பிறகு மூடியைத் திறக்காமல் வைத்தியம் சொல்வது கடைக்காரருக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.