சாக்லேட் மரம் முதலில் வந்து இறங்கியது நம்ம குற்றாலத்தில்! தெரியுமா?

கோகோ மரம் இந்திய மண்ணில் முதன்முதலாக வேர்விட்டது எந்த ஊரில் தெரியுமா? ஊட்டி என்பீர்கள். கடைக்குக் கடை 'ஹோம்மேட் சாக்லேட்' பலகை தொங்குவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இடுக்கி என்பார்கள். இரண்டும் இல்லை. குற்றாலம்! குத்துக்கல்வலசையில் பஸ் ஏறி, தென்காசியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்தால் வந்துவிடுகிற அதே குற்றாலம்! 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்பாய்னா தீவிலிருந்து கொண்டுவந்து நட்டது எட்டே எட்டுச் செடிகள். கிரியோல்லோ என்ற உயர்ந்த ரகம்.

அம்பாய்னா எங்கே இருக்கிறது? இன்றைய இந்தோனேசியாவில். கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் பேர்போன மலுக்குத் தீவுக் கூட்டத்தில் ஒன்று. டச்சுக்காரர்கள் கையிலிருந்த அதை 1796-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிடித்த கையோடு அங்கே விளைந்த வாசனைப் பயிர்களையெல்லாம் தங்கள் தோட்டங்களுக்குக் கடத்த ஆரம்பித்தார்கள். அந்தத் தோட்டங்களில் ஒன்றுதான் குற்றாலம். கிராம்பு இந்தியாவுக்குள் நுழைந்ததும் 1800 வாக்கில் இதே குற்றாலத் தோட்டம் வழியாகத்தான்! பிரியாணியில் கிராம்பைக் கடித்துவிட்டு முகம் சுளிக்கிறவர்கள் இனிமேல் கொஞ்சம் மரியாதையாகச் சுளிக்கலாம்.

1798 என்றதும் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வர வேண்டுமே! ஆம், கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் அலைக்கழித்த வருஷம். பேட்டி காண வந்தவரைக் குற்றாலத்தில் பார்க்க மறுத்து, ஊர் ஊராகப் பின்னால் வரவைத்து, கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் சந்தித்தார் ஜாக்சன். ஒரே வருஷம், ஒரே குற்றாலம். கம்பெனியின் ஒரு கை பாளையக்காரரை விரட்டுகிறது, இன்னொரு கை சாக்லேட் செடிக்குக் குழி தோண்டுகிறது! நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் இந்த இரண்டாவது கையைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்த எட்டுச் செடி வந்து இறங்கியபோது, இன்று நாம் கடித்துத் தின்கிற மாதிரிச் சாக்லேட் கட்டி கடைகளில் கிடையாது! அன்றைக்குச் சாக்லேட் என்றால் பெரும்பாலும் குடிக்கிற பானம். கோகோ கொட்டையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. அதைப் பிழிந்தெடுத்துத் தூளாக்கும் முறைக்கு நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை வாங்கியது 1828-ல். பிழிந்த கொழுப்பையே திரும்பவும் தூளோடும் சர்க்கரையோடும் சேர்த்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஃபிரை கம்பெனி கட்டியாக வார்த்தது 1847-ல். பால் சாக்லேட் 1875-ல், சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் கைவண்ணம். ஆக, சாக்லேட் கட்டிக்கு அரை நூற்றாண்டு முன்பே குற்றாலத்தில் சாக்லேட் மரம்!

அந்த மரம் எப்படிக் காய்க்கும் தெரியுமா? கிளை நுனியில் தேடாதீர்கள். பலாவைப் போல அடிமரத்திலேயே பூத்து, அடிமரத்திலேயே காய் தொங்கும். குறும்பலாவைத் தல விருட்சமாக வைத்துக் கும்பிடுகிற ஊருக்குப் பொருத்தமான விருந்தாளிதான். பூவுக்கு மகரந்தம் சுமப்பது தேனீ இல்லை, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டி ஈ. காயை உடைத்தால் புளிப்பும் இனிப்புமான வெள்ளைச் சதை, அதற்குள் முப்பது நாற்பது கொட்டைகள். கொட்டையைப் பச்சையாகக் கடித்தால் கசப்பு, துவர்ப்பு, அவ்வளவுதான். சதையோடு குவித்து மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்த பிறகுதான் சாக்லேட் மணமே பிறக்கும்!

ஆனால் கோகோ இந்தியாவில் வியாபாரப் பயிராக நிலைத்தது எப்போது? 1965-ல் வயநாட்டின் சுண்டேலில் கேட்பரி நிறுவனம் தோட்டம் போட்ட பிறகு. நடுவில் 167 வருஷம்! இன்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கோகோ செழிக்கிறது. தென்னை நிழல் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, பிறந்தகத்து உரிமையோடு இப்போது சமையலறைக்குள் நுழைவோம். ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், சாக்லேட் பிஸ்கட் துண்டு! "ஓவன் இல்லாம கேக்கா? எவ சொன்னா?" என்று கேட்கிற ஆச்சிகளுக்கு ஒரு பதில் இருக்கிறது. தட்டில் கொட்டி, சமப்படுத்தி, ஆறவிட்டு, வில்லை போடுகிற வித்தை யாருடையது ஆச்சி? மைசூர்பாகு யாருடையது? தேங்காய் பர்பி? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய்? ஓவனை எட்டிப் பார்க்காத இனிப்புகளில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்தப் புது ஆள் அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இதில் போடுகிற மேரி பிஸ்கட்டின் மேரி யார் தெரியுமா? ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகள்! பெயர் மரியா. விக்டோரியா மகாராணியின் மகன் ஆல்ஃபிரட்டை அவர் 1874-ல் கல்யாணம் செய்தபோது, அந்தச் சந்தோஷத்தில் லண்டனின் பீக் ஃப்ரீன் கம்பெனி போட்ட பிஸ்கட் இது. மாப்பிள்ளை ஆல்ஃபிரட் அதற்கு நாலு வருஷம் முன்பு, 1870-ல், கொழும்பில் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். இன்று அதே இலங்கையில் விசேஷ வீடுகளில் மேரி பிஸ்கட்டைப் பாலில் முக்கி, வெண்ணெயும் கோகோவும் அடித்த க்ரீமோடு அடுக்கடுக்காக வைத்து 'சாக்லேட் பிஸ்கட் புடிங்' செய்கிறார்கள். மலிபனா மஞ்சியா, எந்த பிஸ்கட் நல்லது என்பதற்கு அங்கே ஒரு தனிப் பட்டிமன்றமே வைக்கலாம்!

பிஸ்கட்டில் ஏன் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்று என்றாவது யோசித்ததுண்டா? அழகுக்கு இல்லை. வேகும்போது மாவுக்குள் கிளம்பும் ஆவி வெளியே ஓட வழி. அது இல்லாவிட்டால் பிஸ்கட் பூரியாக உப்பிவிடும்.

மலேசியாவுக்குப் போனால் இதே பண்டத்துக்குப் பெயர் கேக் பாத்தேக். கோகோவோடு மைலோ தூளும் விழும். அங்கே நம் தமிழ் வீடுகளிலும் பண்டிகைத் தட்டில் அதைப் பார்க்கலாம். ஜெர்மனியில் 'குளிர்ந்த நாய்' என்று ஒரு பெயர், சிரிக்காதீர்கள்! போர்த்துகலிலும் இத்தாலியிலும் தொத்திறைச்சி வடிவில் உருட்டி, வட்ட வட்டமாக அறுக்கிறார்கள். உச்சம் எது தெரியுமா? 2011 ஏப்ரல் 29, இளவரசர் வில்லியம் கல்யாணம். அத்தனை அடுக்கு ராஜ கேக்குக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை கேட்டு வாங்கிய இன்னொரு கேக், இதே ஓவன் இல்லாத சாக்லேட் பிஸ்கட் கேக்! மெக்விட்டீஸ் கம்பெனி செய்தது. 1,700 பிஸ்கட், 17 கிலோ சாக்லேட்!

நமக்கு அத்தனை வேண்டாம். 200 கிராம் மேரி பிஸ்கட்டை விரல் நகம் அளவுக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியைத் தொடாதீர்கள், தூளானால் கடிக்க ஒன்றும் இருக்காது. அடிகனமான ஏனத்தில் 100 கிராம் வெண்ணெய், அரை டின் கண்டென்ஸ்டு மில்க், 30 கிராம் சலித்த கோகோ பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. சிறு தீயில் கைவிடாமல் கிண்டி, ஏனத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்குங்கள். பிஸ்கட்டும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் போட்டுப் புரட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அழுத்துங்கள். நன்றாக அழுத்த வேண்டும். காற்று நின்ற இடத்தில் துண்டு உடையும். மேலே 150 கிராம் சாக்லேட்டை உருக்கி ஊற்றி, மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். முடிந்தது!

இதில் பலர் சொதப்புகிற இடம் ஒன்றே ஒன்று, அந்தச் சாக்லேட் உருக்குவது. உருகிய சாக்லேட்டில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது நொடியில் மணல் மணலாக இறுகிவிடும்! கொழுப்புக்குள் மிதக்கிற சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுவதால் வரும் வினை. கரண்டி ஈரம், கொதிநீர் ஆவி, எதுவும் போதும். இறுகிவிட்டால் குப்பையில் கொட்டாதீர்கள். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கினால் குழம்பாகத் திரும்பிவிடும். கொஞ்சம் தண்ணீர் கெடுக்கும், நிறையத் தண்ணீர் காப்பாற்றும்! மேல்பூச்சு முன்னைப்போல் மொறுமொறுப்பாக இறுகாது, ஆனால் ருசி எங்கேயும் போகாது.

கோகோ கொட்டையின் கொழுப்பான கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாக உறையும் என்பது தெரியுமா? ஒரே பொருள், ஆறு உருவம், ஆறு உருகுநிலை! நல்ல சாக்லேட்டின் பளபளப்பும் 'டக்' என்று உடைகிற ஓசையும் ஐந்தாவது உருவத்தின் உபயம். அது உருகுவது ஏறத்தாழ 34 டிகிரியில். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் கையில் கட்டியாக இருப்பது நாக்கில் கரைகிறது! அதனாலேயேதான் சித்திரை மாதத் தென்காசியில் சாக்லேட் டப்பாவுக்குள்ளேயே கரைகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பண்டத்தைச் செய்ய ஆனி, ஆடிதான் சரி. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து, சாரல் விழுந்து, அருவியில் தண்ணி கொட்டுகிற அந்த வாரங்களில் சாக்லேட் சொன்ன பேச்சைக் கேட்கும்.

சாரலில் ஒரு தொந்தரவும் உண்டு: ஈரம். திறந்துவைத்த பிஸ்கட் பாக்கெட் பொழுது சாய்வதற்குள் நமத்துப்போகிற காலம் அது. ஆனால் பாருங்கள், இந்தத் துண்டுக்குள் புகுந்த பிஸ்கட் அவ்வளவு சீக்கிரம் நமத்துப்போகாது! சுற்றிலும் வெண்ணெயும் கோகோவும் போர்த்தி நிற்க, காற்றின் ஈரம் எளிதில் நுழையாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறந்து வைப்பதுதான் தப்பு. குளிர்ந்த மேற்பரப்பில் காற்றின் ஈரம் வியர்த்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் வெள்ளைப் பூச்சு விடும். பூஞ்சை என்று பயந்து தூக்கிப் போடுகிறார்கள். அது சர்க்கரை! சம்படத்தை மூடியபடியே வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு திறந்தால் இந்த வேலையே இல்லை.

ஜெர்மன்காரர்கள் அந்தக் 'குளிர்ந்த நாய்'க்கு எந்தக் கொழுப்பை ஊற்றுகிறார்கள் தெரியுமா? தேங்காய்க் கொழுப்பு! ஒரு தென்னை மரம்கூட முளைக்காத நாடு! ஆசைப்பட்டு நாமும் வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விட்டால், ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்ததும் துண்டு தளர்ந்துவிடும், ஏனென்றால் தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழியில் பாட்டிலுக்குள் உறைகிறதே, அந்தக் குளிர் அதற்கு எப்போதும் வேண்டும். ஜெர்மனியில் அது சும்மாவே கிடைக்கிறது.

கடையில் கிலோ கணக்கில் விற்கும் 'காம்பவுண்ட்' கட்டியில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். மேல்பூச்சுக்கு அது வசதி, படிகம் பற்றிக் கவலைப்படாமல் உறையும். ருசியில் மெழுகு வாடை தட்டும் என்பது என் கட்சி.

கலவையை இறக்கும்போது துளி கிராம்புப் பொடி, துளி துருவிய ஜாதிக்காய் போட்டுப் பாருங்கள். கோகோ, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றையும் சேர்த்தே வளர்த்த குற்றாலத்துத் தோட்டத்தின் மணம் ஒரே துண்டில் வந்துவிடும்! அறுக்கும்போது கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அதையே செய்தால் மேல்பூச்சு நொறுங்காது.

இன்னொன்று, சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் நாய் உடம்பில் சீக்கிரம் கழியாது, அதற்கு அது விஷம்! வாசலில் வாலாட்டி நிற்கிறதே என்று ஒரு துண்டு போட்டுவிடாதீர்கள். மெயின் அருவிக்கு எடுத்துப் போகிறவர்கள் குரங்குகளுக்கும் நீட்ட வேண்டாம். நீட்டாவிட்டாலும் அவை பிடுங்கப் பார்க்கும், ஆகவே சம்படத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடுங்கள்.