மேலே போகும் நாணயத்தை எது தள்ளுகிறது?

ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பூவா தலையா போடுவதுபோல நேர் மேலே சுண்டிவிடுங்கள். நாணயம் விரலை விட்டுப் பிரிந்துவிட்டது, உச்சியை இன்னும் எட்டவில்லை, மேலே போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேளையில் அதன்மீது செயற்படும் விசைகள் யாவை? காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். விடையை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். வரையாமல் அடுத்த பத்திக்குப் போவது ஆட்ட விதிக்கு விரோதம்!

வரைந்தாயிற்றா? கீழ்நோக்கி ஓர் அம்பு, அது புவியீர்ப்பு விசை. மேல்நோக்கி இன்னோர் அம்பு, அது கை கொடுத்த விசை. இப்படி இரண்டு அம்புகள் வரைந்திருந்தால் உங்களுக்குத் துணை ஏராளம். ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதே கேள்வியைப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு, முடிவுகளை 1982 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெரும்பாலோர் மேல்நோக்கியும் ஒரு விசையைக் காட்டியிருந்தார்கள். இயந்திரவியல் பாடத்தைப் படித்து முடித்தவர்களிலும் பெரும்பாலோர் அப்படியே செய்தார்கள் என்பதுதான் வியப்பு.

சரியான விடை ஒரே அம்பு, கீழ்நோக்கிய அம்பு. ஏன் என்று பார்ப்போம். மேல்நோக்கிய விசை ஒன்று இருந்து, அது ஈர்ப்பைவிடப் பெரிதாக இருந்தால் நாணயத்தின் வேகம் போகப்போகக் கூடவேண்டும். இரண்டும் சமமானால் வேகம் மாறாமல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கவேண்டும். நாணயமோ விரலை விட்ட கணத்திலிருந்தே வேகம் குறைகிறது. விரல் தொட்டிருந்தவரைதான் விரலின் விசை. பிறகு நாணயத்திடம் மிஞ்சியிருப்பது வேகம், விசையன்று. உச்சியில் ஒரு கணம் வேகம் சுழியாகும்போதும் ஈர்ப்பு விசை அப்படியே இருக்கிறது. இல்லாவிட்டால் நாணயம் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்!

இன்னொரு சோதனை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் ஒரு துண்டை வட்டமாக வளைத்துத் தரையில் படுக்கவையுங்கள். ஒரு முனையில் கோலிக்குண்டை வேகமாக உருட்டிவிட்டால் மறுமுனையில் எந்தப் பாதையில் வெளியே வரும்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்ளாஸ்கியும் அவருடைய தோழர்களும் 1980 இல் இத்தகைய கேள்விகளைக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுருளாக வளைந்த குழாயைக் காட்டியபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் குண்டு வெளியே வந்தும் வளைந்தே ஓடும் என்று வரைந்தார்கள். உண்மையில் அது முனையிலிருந்து தொடுகோட்டுத் திசையில் நேராக ஓடும். குழாய்ச் சுவர் இருக்கும்வரைதான் வளைவு.

இந்தத் தவறு முட்டாள்தனத்தால் வருவதன்று. பிறந்ததிலிருந்து நாம் பார்த்து வந்தது என்ன? வண்டியைத் தள்ளினால் ஓடுகிறது; தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. உராய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, ஓடுகிற பொருளுக்கு ஓடவைக்கும் விசை வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. 14 ஆம் நூற்றாண்டில் பாரீசில் வாழ்ந்த ஜான் பூரிடன் என்ற பேரறிஞரும், எறியப்பட்ட கல்லுக்குள் எறிந்தவன் ஓர் உந்துதலைப் பதித்துவிடுகிறான் என்றும், அதுவே கல்லைக் கொண்டுசெல்கிறது என்றும் விளக்கினார். நீங்கள் மேல்நோக்கி அம்பு வரைந்திருந்தால் பெரிய மனிதர் ஒருவருடைய வரிசையில் நிற்கிறீர்கள்!

மாணவன் வெறும் பலகையாக வகுப்புக்கு வருவதில்லை என்பது கல்வி உளவியல் கண்ட முக்கியமான உண்மை. சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே, புதிதாக வருவதை நாம் முன்பே உள்ள எண்ணக் கட்டுக்குள் பொருத்தப் பார்க்கிறோம் என்றும், பொருந்தவே பொருந்தாதபோதுதான் கட்டையே மாற்றி அமைக்கிறோம் என்றும் சொன்னார். டேவிட் ஆசுபெல் 1968 இல் இன்னும் ஒருபடி மேலே போய், கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே கற்றலை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாதிக்கிறது என்றார்.

இங்கேதான் தேர்வு நம்மை ஏமாற்றிவிடுகிறது. சமன்பாட்டை மனப்பாடம் செய்து, எண்களைப் பொருத்தி, அலகை எழுதினால் முழு மதிப்பெண். மனத்துக்குள் பழைய கருத்து சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாஸூர் என்ற பேராசிரியர், கணக்குகளை நன்றாகப் போட்ட தம் மாணவர்களுக்கு விசை பற்றிய எளிய கருத்துக் கேள்விகளைக் கொடுத்தார். ஒருவர் எழுந்து, நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். என்னைக் கேட்டால், இதைவிட நேர்மையான கேள்வி எந்த வகுப்பிலும் எழுந்திருக்காது.

அதன்பின் மாஸூர் விரிவுரையைக் குறைத்தார். நடுவில் ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் முதலில் தனியாக யோசித்து விடையைத் தெரிவிக்கவேண்டும். பிறகு, வேறு விடை சொன்ன பக்கத்து மாணவருடன் காரணம் காட்டி வாதாடவேண்டும். பிறகு மறுபடியும் விடை. இத்தகைய முறைகளால் பயன் உண்டா என்று ரிச்சர்டு ஹேக் 6542 மாணவர்களின் தேர்வுத்தாள்களை ஒப்பிட்டு 1998 இல் வெளியிட்டார். தொடக்கத்தில் தெரியாதிருந்த பகுதியில், விரிவுரை மட்டும் கேட்டவர்கள் சராசரியாக 23 விழுக்காடு முன்னேறினர். விவாதித்துக் கற்றவர்கள் 48 விழுக்காடு முன்னேறினர். பின்னதும் பாதியைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய கருத்து அவ்வளவு பிடிவாதமானது.

இந்த முறைக்கு ஆய்வுக்கூடமோ கருவியோ தேவையில்லை. தனியாக விடையை எழுதிவிடுவதுதான் இதில் உயிரான கட்டம். எழுதாதவர் சரியான விடையைக் கேட்டதும், நானும் அதைத்தான் நினைத்தேன் என்று தம்மையே நம்பவைத்துக்கொள்வார்; எழுதியவருக்கு அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. உங்கள் விடையை மறுக்கிற நண்பர் ஒருவர், விலைக்கு வாங்கும் நோட்ஸ் பத்துக்குச் சமம்.

நாளைக்கே தொடங்கலாம். பள்ளி மைதானத்தில் சாக்குக்கட்டியால் சாண் அகலத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கையில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் வேகமாக நடந்து வட்டத்தைக் கடக்கவேண்டும். பழம் வட்டத்துக்குள் விழவேண்டுமானால் எப்போது அதைக் கைவிடவேண்டும்? கை வட்டத்துக்கு நேர் மேலே வரும்போதா, அதற்கு முன்பா, தாண்டிய பிறகா? பழத்தை எறியக்கூடாது, பிடியைத் தளர்த்த மட்டுமே செய்யலாம். நீங்களும் நண்பரும் தனித்தனித் தாளில் விடையை எழுதி மடித்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வாதாடிய பிறகு நடந்து பாருங்கள். விடை இந்த இதழில் எங்கும் அச்சிடப்படவில்லை.