பேக்கப் இருந்தால் மட்டும் போதுமா?

மென்பொருள் எழுதுபவர்கள் பல ஊர்களில் இருந்துகொண்டே சேர்ந்து வேலை செய்ய உதவும் தளம் கிட்லேப். ஐ.டி. துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான பெயர்தான். இத்தகைய தளங்களில் பயனாளர் கணக்குகள், கருத்துகள், பணிக் குறிப்புகள் எல்லாம் பின்னணியில் உள்ள டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. அதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதற்கு, 2017-ல் அந்நிறுவனத்துக்கு நேர்ந்ததே நல்ல பாடம்.

நடந்தது என்ன?

2017 ஜனவரி 31 இரவு. முதன்மை டேட்டாபேஸின் நகலாக இயங்கிய இரண்டாவது சர்வர் பின்தங்கிவிட்டது. அதிலுள்ள பழைய தரவை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்க ஒரு பொறியாளர் முயன்றார். ஆனால், அழிக்கும் கட்டளையை அவர் கொடுத்தது முதன்மை சர்வரில்! ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவு போய்விட்டது.

பேக்கப்பைத் தேடினார்கள். அது சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் கருவி, டேட்டாபேஸுக்குப் பொருந்தாத பழைய பதிப்பு என்பதால் தோல்வியடைந்து வந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த நகல் ஒன்று தற்செயலாக இருந்ததால் தளம் பிழைத்தது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

1. பேக்கப்பிலிருந்து தரவை அவ்வப்போது வேறொரு சர்வரில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

2. உடனுக்குடன் இயங்கும் நகல் சர்வர் பேக்கப் ஆகாது. முதன்மை டேட்டாபேஸில் தவறுதலாக நீக்கிய பதிவு, நகலிலும் நீங்கிவிடும்.

3. எச்சரிக்கை வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது. "பேக்கப் முடிந்தது, அளவு இவ்வளவு" என்ற தகவல் தினமும் வர வேண்டும்.

4. முதன்மை சர்வரின் திரை வேறு நிறத்தில் இருக்கட்டும். அழிக்கும் கட்டளையை இன்னொருவர் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

5. பேக்கப்புக்கு இன்னார்தான் பொறுப்பு என்று ஒருவரை நியமிக்க வேண்டும்.

அந்நிறுவனம் பொறியாளர் மீது பழிபோட்டு ஒதுங்கவில்லை. நடந்ததை விரிவாக வெளியிட்டு, தன் நடைமுறைகளைத் திருத்திக்கொண்டது. மனிதக் கை தவறத்தான் செய்யும். தவறினாலும் மீள வழி இருக்கிறதா என்பதே கேள்வி.

வீட்டுப் பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றின் நகலைப் பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வைத்திருக்கிறோம் அல்லவா? அவற்றில் ஒன்றிரண்டை இன்றே திறந்து பார்த்துவிடுவோம்.